யாருடைய தெற்கு?

கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஆர். பிரேமதாச மைதானத்துக்கு அவுஸ்திரேலிய அணி ஆட வரும்போது, ஓட்டப் பலகையில் ஏறும் அந்த நாட்டின் பெயருக்குள் ஒரு காற்று ஒளிந்திருக்கிறது. தெற்கிலிருந்து வீசும் காற்றை உரோமர்கள் ‘அவுஸ்தர்’ என்றார்கள். நாளடைவில் அது வரும் திசைக்கே பெயராயிற்று. தெற்கைச் சேர்ந்ததெல்லாம் ‘அவுஸ்திராலிஸ்’. தென்கோடியில் ஒரு பெருநிலம் இருந்தே தீரவேண்டும் என்று ஊகித்த ஐரோப்பிய வரைபடக்காரர்கள், அதைக் காணாமலே ‘தெற்கு நிலம்’ என்று இலத்தீனில் பெயரிட்டு வைத்தார்கள். அதைச் சுருக்கி ‘அவுஸ்திரேலியா’ என்று வழங்கவேண்டும் என்று வாதாடியவர் கடலோடி மத்தியூ பிளிண்டர்ஸ். 1814இல் தம் பயண நூல் வெளிவந்த மறுநாளே இறந்துபோனார். பிரித்தானியக் கடற்படைத் தலைமை 1824இல் அந்தப் பெயரை ஏற்றது. ஒலியை நம்பி ஒஸ்திரியாவையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அந்தப் பெயர் கிழக்கைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனாலும், அந்தக் கிழக்கும் உரோமரின் தென்காற்றும் விடியலைக் குறித்த ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அப்படியானால் வைகறையைக் காட்டிய சொல்லே இத்தாலிக்குப் போனபின் தெற்கே திரும்பியிருக்கிறது. ஆகவே ஒரு திசைப்பெயரைக் கேட்டால், அதைச் சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதே என் வாதம்.

இலத்தீனில் தெற்குக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘மெரிடியெஸ்’. அதன் நேர்ப்பொருள் நண்பகல். உரோமாபுரி ஏறத்தாழ வட அகலக்கோடு 42 பாகையில் இருக்கிறது. அங்கே வருடத்தின் எந்த நாளிலும் உச்சிவேளைச் சூரியன் தென்வானத்தில்தான் நிற்கும். எனவே நண்பகலும் தெற்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. கொழும்பு இருப்பதோ 7 பாகைக்குச் சற்றுக் கீழே. இங்கே ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்நாட்களில் மாளிகாவத்தைத் தொடர்மாடி முற்றத்தில் ஒரு கம்பத்தை நட்டால், அதன் நிழல் நண்பகலில் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் சூரியன் வடக்கே நின்று நிழலைத் தெற்கே தள்ளும். நண்பகலைக் கொண்டு தெற்கைப் பெயரிடும் மொழி இந்த மண்ணில் பிறந்திருக்க வழியில்லை.

இந்த வேறுபாடு பழைய காலத்திலேயே கண்ணில் பட்டது. தப்ரபேன் எனப்பட்ட இத்தீவிலிருந்து கிளாடியஸ் மன்னன் காலத்தில் உரோமாபுரிக்குப் போன தூதுவர்களைப் பற்றி உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். தங்கள் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு அவர்கள் வியந்தார்களாம். இதை அப்படியே ஏற்கமுடியாது. வருடத்தில் ஏறத்தாழ ஏழு மாதம் இலங்கையிலும் நண்பகல் நிழல் வடக்கேதான் விழும். ஆனால் ஜூலை மாத உச்சிவெயிலில் உரோமாபுரித் தெருவில் நின்றிருந்தால் வியப்பு உண்மையாகவே வந்திருக்கும். இத்தீவை நெடுங்காலம் வேறோர் உலகமாக, பூமியின் எதிர்ப்பக்கத்து மக்களின் நாடாகக் கருதினார்கள் என்றும் அதே பிளினி சொல்கிறார். இங்கே பிறந்தவர்களுக்குச் சொந்த வீடு. உரோமர்களுக்கு உலகத்தின் மறுபக்கம்.

அவ்வளவு தூரம் போகாமலும் இதைக் காணலாம். சிங்களத்தில் ‘தகுண’ என்றால் தெற்கு, வலப்பக்கம் இரண்டும்தான். சூரியோதயத்தைப் பார்த்து நிற்பவருக்குத் தெற்கு வலக்கைப் பக்கம் அல்லவா? வடமொழி ‘தட்சிணம்’ பிறந்த வழியும் அதுவே. தமிழின் மேற்கும் கிழக்கும் மேல், கீழ் என்பவற்றிலிருந்து வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரியும் நிலத்துக்கு அவை பொருந்தும். மேற்கே கடல் கிடக்கும் கொழும்புக்குப் பொருந்தா. ‘தென்னிலங்கை’ என்ற சொல்லின் பயணம் இதைவிடச் சுவையானது. திருப்பாவையில் அது இராவணனின் இலங்கை. தமிழகத்திலிருந்து பார்த்தால் முழுத்தீவும் தெற்குத்தானே. இன்றைய ஈழத்துப் பத்திரிகைகளில் அதே சொல் வடக்கையும் கிழக்கையும் கழித்துவிட்டு மீதியை, பெரும்பாலும் சிங்கள அரசியலை, குறிக்கிறது. பார்வை தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இடம் மாறியதும் தெற்கின் எல்லையும் மாறிவிட்டது. நிர்வாகக் கணக்கில் கொழும்பு மேல் மாகாணம். தென் மாகாணம் என்பது காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. தமிழ் பேசும் மாளிகாவத்தைக்காரர் ஒருவர் காலையில் மேல் மாகாணத்தில் எழுந்து, பத்திரிகையைப் பிரித்ததும் தென்னிலங்கைக்காரர் ஆகிறார்.

திசைகாட்டி எங்கே வைத்தாலும் ஒன்றைத்தானே காட்டும், இதில் பார்ப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முள் காட்டுவது கோணத்தை. எந்த இடத்திலிருந்து தெற்கு தொடங்குகிறது என்று அது சொல்வதில்லை. 1925இல் உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் தென்னாபிரிக்கப் புதைபடிவம் ஒன்றுக்கு ‘தெற்குக் குரங்கு’ என்று பொருள்படும் ‘அவுஸ்திராலோபிதெக்கஸ்’ என்ற பெயரை இட்டார். அதே பேரினத்தைச் சேர்ந்த ‘லூசி’ என்ற எலும்புக்கூடு 1974இல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில், வட அகலக்கோடு 11 பாகையில் கிடைத்தது. அது கொழும்பைவிட வடக்கு! பெயர் மட்டும் தெற்கிலேயே நின்றுவிட்டது.

வேர் எதுவானால் என்ன, வழக்கில் பொருள் விளங்கினால் போதாதா என்பது இதைவிட வலுவான மறுப்பு. விலங்கியலில் போதும், லூசியின் பெயரால் எவருக்கும் நட்டமில்லை. மனிதர் வாழும் இடத்தில் போதாது. ‘தென்னிலங்கை இதை ஏற்காது’ என்று ஒரு தலைப்பு வரும்போது, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாளிகாவத்தையிலும் வாழும் தமிழ் பேசும் மக்களின் கருத்தும் கேட்காமலே அதில் கணக்கு வைக்கப்படுகிறது. அரசாங்கத்தைச் சொல்வதானால் அரசாங்கம் என்றும், சிங்களக் கட்சிகளைச் சொல்வதானால் அவற்றின் பெயரையும், காலியைச் சொல்வதானால் காலி என்றும் எழுத நம் பத்திரிகைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.