லினக்ஸ் நிறுவலில் காட்சித்திரை கண்டறியும் சிக்கல்கள்

லினக்ஸ் நிறுவலில் காட்சித்திரை கண்டறியும் சிக்கல்கள் என்பவை, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்பொழுதோ நிறுவியபின் முதன்முறை துவக்கும்பொழுதோ, கணினியின் வரைகலைச் சில்லையோ அதனுடன் இணைந்த திரையையோ இயங்குதளம் சரிவர இனங்காணாமையால் ஏற்படும் கோளாறுகள் ஆகும். திரை முழுதும் கருமையாதல், மிகப் பெரிய எழுத்துகளுடன் குறைந்த பிரிதிறனில் காட்சி தோன்றுதல், "எல்லைக்கு அப்பால்" எனத் திரையே எச்சரித்தல் ஆகியன இவற்றின் பொதுவான அறிகுறிகளாகும். பெரும்பாலான நேரங்களில் நிறுவல் பழுதின்றி முடிந்திருக்கும். காட்சி மட்டுமே கிடைக்காது. ஆகையால் வட்டை மீண்டும் அழித்து நிறுவுவது இச்சிக்கலுக்குத் தீர்வு ஆகாது.

இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் எல்விடிஎஸ் என்னும் வாயில் பெயரை ஆங்கிலப் பேரெழுத்துகளிலும் மற்றவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலும் தட்டச்சிட வேண்டும்.

கண்டறிதல் நிகழும் முறை

காட்சி தோன்றுவதற்கு இரு வேறு கண்டறிதல்கள் வெற்றி பெற வேண்டும்.

முதலாவது, வரைகலைச் சில்லைக் கண்டறிதல். பிசிஐ பாட்டையில் உள்ள ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் அறிவிக்கும். பதினறும எண் முறையில் இன்டெலின் எண் 8086, என்விடியாவின் எண் 10டிஇ, ஏஎம்டி வரைகலைச் சில்லுகளின் எண் 1002 ஆகும். லினக்ஸ் கருனி இவ்வெண்களைப் பார்த்து உரிய இயக்கியை ஏற்றும். அவ்வெண்ணுக்குரிய இயக்கி கருனியில் இல்லையெனில் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான எளிய இயக்கி ஒன்றே பயன்படும்.

இரண்டாவது, திரையைக் கண்டறிதல். திரைகளுக்குள் சிறு நினைவகம் ஒன்று உண்டு. அதில் தயாரிப்பாளர் பெயர், திரையின் அளவு, அது ஏற்கும் பிரிதிறன்கள், அதிர்வெண்கள் ஆகியன பதியப்பட்டிருக்கும். வெசா அமைப்பு 1994 இல் வகுத்த இத்தரவு வடிவம் எடிட் எனப்படும். இதன் அடிப்படைத் தொகுதி 128 பைட்டுகள் கொண்டது. இந்த 128 பைட்டுகளின் கூட்டுத்தொகை 256 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையெனில் தரவு பழுதுற்றது எனக் கருனி முடிவு செய்யும். 15 ஊசிகள் கொண்ட விஜிஏ இணைப்பியில் 12 ஆம் ஊசியும் 15 ஆம் ஊசியும் இத்தரவைக் கடத்துகின்றன. நிறங்களைக் கடத்தும் ஊசிகள் வேறு. எனவே 12 ஆம் ஊசி வளைந்திருந்தால் படம் தெரியும், ஆனால் அது எந்தத் திரை என்பது கணினிக்குத் தெரியாது.

எடிட் தரவு கிடைக்காதபொழுது கருனி பெரும்பாலும் 1024 x 768 வரையிலான பிரிதிறன்களை மட்டுமே தரும். நல்ல திரையில் மங்கலான பெரிய எழுத்துகள் தோன்றுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

வரலாறு

லினக்சில் சாளரக் காட்சியை நெடுங்காலம் வழங்கிவந்தது எக்ஸ் சாளர முறைமை ஆகும். இது 1984 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. லினக்ஸ் வழங்கல்கள் முதலில் எக்ஸ்ஃபிரீ86 என்னும் செயலாக்கத்தைப் பயன்படுத்தின. 2004 இல் அதன் உரிமம் மாற்றப்பட்டதைத் தொடர்ந்து பெரும்பாலான வழங்கல்கள் எக்ஸ்.ஆர்க் செயலாக்கத்துக்கு மாறின.

அக்காலத்தில் திரையின் கிடை அதிர்வெண், நெடுக்கு அதிர்வெண் ஆகியவற்றைப் பயனரே திரையின் கையேட்டைப் பார்த்து அமைவடிவக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. பழைய கதிர்க்குழாய்த் திரைகள் சில, தவறான அதிர்வெண்ணால் பழுதாகும் வாய்ப்பும் இருந்தது. சூசே லினக்சில் சாக்ஸ்2 என்னும் கருவி இவ்வேலையை எளிதாக்கியது. 2000 இல் வெளிவந்த நாப்பிக்ஸ், வன்பொருளைத் தானே கண்டறிந்து குறுவட்டிலிருந்தே இயங்கியதால் புகழ்பெற்றது.

2009 இல் வெளியான 2.6.29 ஆம் கருனியில், திரையின் பிரிதிறனை அமைக்கும் பொறுப்பு இன்டெல் சில்லுகளுக்குக் கருனியிடமே ஒப்படைக்கப்பட்டது. ஏஎம்டி, என்விடியா சில்லுகளுக்கான கட்டற்ற இயக்கிகளும் அடுத்த ஓராண்டுக்குள் இம்முறையைப் பெற்றன. இதனால் கண்டறிதல் பெரிதும் மேம்பட்டது. அதே நேரத்தில், கண்டறிதல் தவறினால் துவக்கத்தின் தொடக்கத்திலேயே திரை கருமையாகும் நிலையும் உருவானது.

காரணத்தைப் பிரித்தறிதல்

கருமையான திரை எல்லாம் ஒரே கோளாறு அல்ல. பின்வரும் வரிசையில் ஆராய்ந்தால் காரணம் விரைவில் புலப்படும்.

1. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்பொழுது அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் இயங்குதளம் உயிருடன் உள்ளது. காட்சி மட்டுமே பழுது. மாறாவிடில் கருனியே உறைந்திருக்கலாம்.

2. மடிக்கணினியாயின் கைவிளக்கொளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். மங்கலாக உருவம் தெரிந்தால் சில்லும் திரையும் சரியாகவே உள்ளன. பின்னொளி மட்டுமே அணைந்துள்ளது.

3. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருங்கே அழுத்த வேண்டும். எழுத்துமுனையம் தோன்றினால் கருனியின் காட்சி சரி. சாளர முறைமையில்தான் குறை உள்ளது.

4. வேறு திரை அல்லது வேறு வடம் கொண்டு சோதிக்க வேண்டும். காட்சி சரியானால் எடிட் தரவு வந்துசேராமையே காரணம் எனலாம்.

5. முனையம் கிடைத்தால் "எல்எஸ்பிசிஐ -கே" கட்டளை வரைகலைச் சில்லின் பெயரையும் அதற்கு ஏற்றப்பட்ட இயக்கியையும் காட்டும். இயக்கியின் பெயர் காட்டப்படாவிடில் சிக்கல் முதல் கண்டறிதலில் உள்ளது. பெயர் இருந்தும் பிரிதிறன் குறைவாயின் சிக்கல் இரண்டாவதில் உள்ளது. "/சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்" அடைவில் ஒவ்வொரு காட்சி வாயிலுக்கும் ஓர் உள்ளடைவு உண்டு. அதில் உள்ள எடிட் கோப்பு வெறுமையாயிருந்தால் திரையின் தரவு வரவில்லை என்பது உறுதி.

தீர்வுகள்

தற்காலிகத் துவக்கம்

கிரப் துவக்கப் பட்டியலில் "இ" விசையை அழுத்தினால் துவக்க வரிகள் திருத்தத்துக்குத் திறக்கும். லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் இறுதியில் "நோமோட்செட்" என்னும் அளபுருவைச் சேர்த்து எஃப்10 விசையை அழுத்த வேண்டும். கருனி பிரிதிறனை மாற்றாமல் பொதுவான காட்சியிலேயே இயங்கும். பல வழங்கல்களின் நிறுவல் பட்டியலில் "பாதுகாப்பான வரைகலை" என்ற தெரிவு செய்வதும் இதுவே ஆகும்.

இது கதவைத் திறக்கும் சாவி மட்டுமே. இதனை நிலையாக விட்டுவிட்டால் வரைகலை முடுக்கம் இராது. பெரும்பாலும் ஒளி கூட்டல், உறங்குநிலை ஆகியனவும் செயல்படா. உரிய இயக்கியை நிறுவியபின் இதனை நீக்கிவிட வேண்டும்.

இயக்கியும் நிலைபொருளும்

ஏஎம்டி சில்லுகளுக்குக் கருனியின் இயக்கியுடன் நிலைபொருள் கோப்புகளும் தேவை. டெபியன் இத்தகைய கட்டற்றதல்லாத நிலைபொருட்களை 2023 இல் வெளியான 12 ஆம் பதிப்பிலிருந்தே தன் முறையான நிறுவல் வட்டில் சேர்த்தது. அதற்கு முந்தைய வட்டுகளில் இவற்றைத் தனியே பெற வேண்டும். என்விடியாவின் தனியுரிம இயக்கியை நிறுவியும் அது ஏறாவிடில், பாதுகாப்புத் துவக்கம் இயங்கு நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்நிலையில் கையொப்பமற்ற கருனிக் கூறுகள் பொதுவாக ஏற்றப்படுவதில்லை.

சிஸ் 671 போன்ற சில பழைய சில்லுகளுக்கு முழுமையான கட்டற்ற இயக்கி கிடைத்ததில்லை. அவற்றில் வெசா இயக்கியே கதி. அதுவும் பயாஸ் அறிவிக்கும் பிரிதிறன்களுக்குள் மட்டுமே இயங்கும்.

இல்லாத திரை

சில பலகைகளில், உண்மையில் இல்லாத மடிக்கணினித் திரையோ தொலைக்காட்சி வாயிலோ இணைந்திருப்பதாகக் கருனி கருதும். அப்பொழுது புகுபதிகைச் சாளரம் அந்த இல்லாத திரையில் தோன்றும்; பயனருக்குப் பின்னணிப் படம் மட்டுமே தெரியும். துவக்க வரியில் "வீடியோ=எல்விடிஎஸ்-1:டி" என்று எழுதினால் அவ்வாயில் முடக்கப்படும். இதில் முடிவிலுள்ள "டி" முடக்குதலைக் குறிக்கும்.

எடிட் இல்லாத திரை

எக்ஸ் சாளர முறைமையில் "சிவிடி" கட்டளை வேண்டிய பிரிதிறனுக்கான கால அளவுகளைக் கணித்துத் தரும். அவற்றை "எக்ஸ்ரேண்டர்" கட்டளையால் சேர்க்கலாம். ஆனால் சிவிடி கிடைப்புள்ளிகளை எட்டின் மடங்காக்கும். எனவே பல மடிக்கணினிகளின் 1366 x 768 திரைக்கு அது 1368 என விடை தரும். ஓரத்தில் இரு புள்ளிகள் மறையக்கூடும்.

எக்ஸ்ரேண்டர் வேலண்ட் முறைமையில் இவ்வாறு பயன்படாது. ஃபெடோரா பணிமேடைப் பதிப்பு 2016 இல் வெளியான 25 ஆம் பதிப்பிலிருந்து வேலண்டையே இயல்பாகக் கொண்டுள்ளது. இரண்டு முறைமைகளுக்கும் பொருந்தும் வழி, "வீடியோ=" அளபுருவில் வாயிலின் பெயரையும் பிரிதிறனையும் தருவதே ஆகும். அதே வகைத் திரை ஒன்றிலிருந்து படியெடுத்த எடிட் கோப்பைக் கருனிக்கு அளிப்பது மற்றொரு வழி.

நிறுவியபின் அளபுருக்களை நிலையாக்க "/இடிசி/டிஃபால்ட்/கிரப்" கோப்பில் எழுதி, டெபியன் வழி வழங்கல்களில் "அப்டேட்-கிரப்" கட்டளையை இயக்க வேண்டும்.

அதிர்வெண் கணக்கு

திரை "எல்லைக்கு அப்பால்" என எச்சரிப்பதன் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். 1024 x 768 பிரிதிறனில், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் காட்சிக்கு, ஓரங்களையும் சேர்த்து ஒரு வரிக்கு 1344 புள்ளிகளும் மொத்தம் 806 வரிகளும் தேவை. ஒரு நொடிக்கான வரிகள் 806 x 60 = 48,360. அதாவது கிடை அதிர்வெண் ஏறத்தாழ 48.4 கிலோஹெர்ட்ஸ். இதே வேகத்தில் 1280 x 1024 காட்சிக்கு 1066 வரிகள் தேவை. கிடை அதிர்வெண் ஏறத்தாழ 64 கிலோஹெர்ட்ஸ் ஆகும். 30 முதல் 54 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்கும் கதிர்க்குழாய்த் திரையில் முன்னது தெரியும், பின்னது தெரியாது. திரையும் சில்லும் பழுதற்றவை. கேட்ட அளவே மிகுதி.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் லினக்ஸ் பெருமளவில் பரவியது அரசு நிறுவனங்கள் வழியாகும். எல்காட் நிறுவனம் 2000 களின் பிற்பகுதியில் சூசே லினக்சைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கட்டத்தில், கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அரசுப் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் உள்ளடக்கிய இத்திட்டம், தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் போன்ற ஊரகப் பகுதிகளுக்கும் உரியதாயிருந்தது. ஒகேனக்கல் அருவியும் மலைக்கிராமங்களும் அடங்கிய வட்டம் பென்னாகரம் ஆகும்.

இத்தகைய இடங்களில் காட்சிச் சிக்கல் ஒரு மொழிச் சிக்கலாகவும் ஆகின்றது. லினக்சின் எழுத்துமுனையம் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் ஏற்பதில்லை. "கொ" போன்ற எழுத்துகளில் துணைக்குறிகளை இருபுறமும் இட்டுக் காட்டும் திறனும் அதற்கு இல்லை. எனவே தமிழ் இடைமுகம் முழுதும் வரைகலைக் காட்சியையே சார்ந்துள்ளது. டெபியன் நிறுவல் நிரலில் தமிழைத் தெரிவு செய்ய இயன்றதும், 2007 இல் 4.0 பதிப்பு வரைகலை நிறுவல் முறையைக் கொண்டுவந்த பின்னரே. காட்சி தவறும்பொழுது தமிழ்வழி பயிலும் மாணவர்முன் எஞ்சுவது ஆங்கிலக் கட்டளைவரி மட்டுமே. பழுது சிறிதாயினும், "லினக்ஸ் இக்கணினியில் ஓடாது" என்ற முடிவுக்கு ஒருவர் வருவதற்கு அதுவே போதுமானது.

பள்ளி வகுப்பறைகளில் ஒளிப்படக்காட்டியை நீண்ட விஜிஏ வடத்தாலோ பிரிப்பியாலோ இணைப்பது வழக்கம். மலிவான வடங்களிலும் பிரிப்பிகளிலும் எடிட் தரவுக்கான கம்பிகள் விடுபட்டிருப்பது உண்டு. ஒளிப்படக்காட்டியைக் குறுகிய வடத்தால் நேரடியாக இணைத்துப் பார்ப்பதே இங்கு முதல் சோதனை ஆகும்.

முன்னெச்சரிக்கைகள்

நிறுவும் முன்னர் யூஎஸ்பி நினைவகத்திலிருந்து லினக்சை நேரடியாக இயக்கிப் பார்ப்பது சிறந்தது. அதில் திரையின் இயல்பான பிரிதிறன், ஒளி கூட்டிக் குறைத்தல், உறங்கி எழுதல், வெளித்திரை ஆகிய நான்கையும் சோதிக்க வேண்டும். இவை சரியாயின் நிறுவியபின் சிக்கல் எழுவது அரிது. இணைய இணைப்பு இல்லாத இடத்தில் நிறுவுவதாயின், எல்எஸ்பிசிஐ காட்டும் சில்லின் பெயரை முன்னரே குறித்துக்கொண்டு, அதற்குரிய இயக்கி, நிலைபொருள் பொதிகளை வேறிடத்தில் பதிவிறக்கி உடன் கொண்டுசெல்ல வேண்டும். பழைய கணினியில் புதிய கருனி கருந்திரை காட்டினால், கிரப் பட்டியலில் உள்ள முந்தைய கருனியைத் தெரிவு செய்து துவக்கிப் பார்க்கலாம். அது சரியாக இயங்கும் என உறுதியாகும்வரை பழைய கருனியை நீக்காதிருப்பது நலம்.