ஆய்தத்திற்கு அயலார் இட்ட பெயர்

சித்தன்னவாசல் மலையிலே ஏழடிப்பட்டம் என்னும் குகையைப் பார்த்திராதவர் நமது ஜில்லாவிலே சிலரே இருப்பர். அங்கே சமண முனிவர் துயின்ற கற்படுக்கையொன்றின்மீது பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. இரண்டாயிரம் வருஷத்துப் பழமையுடையதென்று கல்வெட்டறிஞர் கூறும் அவ்வெழுத்துகளிடையே ழகரமும் றகரமும் காணப்படுகின்றன. அசோகனுடைய கல்வெட்டுகளில் இவ்விரண்டும் கிடையா. அவனுடைய அரசாங்க பாஷைக்கு அவை வேண்டியிருக்கவுமில்லை. தமிழுக்கு வேண்டியிருந்தன, தமிழர் எழுதிக்கொண்டார்கள். இதன்பொருட்டு எவரிடமும் மனுப்போட்டதாகத் தெரியவில்லை.

இன்று நிலைமை வேறு. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் அதிகாரம், பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிகள் கூடி 1991ல் ஸ்தாபித்த யூனிகோடு சபையிடம் இருக்கிறது. இந்தியப் பாஷைகளைப் பொறுத்தவரை, நமது மத்திய சர்க்காரின் மின்னணு இலாகா 1988ல் வகுத்த பட்டியலையே அச்சபை மூலமாகக் கொண்டது. அப்பட்டியலோ தேவநாகரியின் அமைப்பைத் தழுவியது. அந்த ஒரே அச்சிலே தமிழும் வார்க்கப்பட்டது. தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. வடமொழி விசர்க்கத்துக்கு எந்த இடமோ, அந்த இடத்திலே நமது ஆய்தம் உட்கார்த்தப்பட்டது. அதன் எண் 2947. அதற்கு இட்ட பெயர், 'தமிழ் விசர்க்கக் குறி'.

"விசர்க்கமும் ஆய்தமும் ஒரு குலந்தானே? தொல்காப்பியரே ஆய்தத்தைச் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்தாரே!" என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதிக்கலாம். குலத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால் தொல்காப்பியர் சொன்ன சார்பு ஒலிப்பைப் பற்றியது. அஃது, எஃகு என்பனவற்றில் போலக் குற்றெழுத்துக்குப் பின்னும் வல்லெழுத்துக்கு முன்னும் நின்றே ஆய்தம் ஒலிக்கும். வரிவடிவத்திலோ அது தனியே நிற்பது. நெடுங்கணக்கிலே ஔகாரத்துக்குப் பின் அதற்கெனத் தனி ஸ்தானம் உண்டு. ககரத்தின் தலையில் ஏறும் புள்ளியைப் போல் பிற எழுத்தில் ஒட்டிக்கொள்வதன்று. சபையார் இவ்வேற்றுமையைக் கவனியாமல் அதை ஒட்டுக்குறி வர்க்கத்திலே சேர்த்துவிட்டார்கள். ஒட்டுக்குறி முன்னெழுத்தின்றி நிற்கலாகாது. நின்றால், இல்லாத எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி வட்டமொன்றைப் போட்டுக் காட்டுவது கணினியின் வழக்கம். இக்காலத்து ஆய்தமோ வார்த்தையின் முதலிலேயே வருகிறது. பகரத்துக்கு முன் நின்று அதன் ஓசையை மாற்றி, ஃபிரான்ஸ் என்று எழுத உதவுகிறது. (நாம் ஆபீசில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்கள், காஃபி குடிக்க நமது நாக்கு இன்னும் இசையவில்லை. அது வேறு விஷயம்.) பின்னர்ச் சபையார் பிழையுணர்ந்து, ஆய்தத்தை எழுத்து வர்க்கத்துக்கு மாற்றினார்கள். பெயரை மாற்றவில்லை, மாற்றவும் இயலாது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லையென்று 1996 முதல் அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. ஆய்தம் என்னும் பெயர் பட்டியலிலே ஓரக்குறிப்பாக மட்டும் நிற்கிறது.

தீங்கு பெயரோடு நின்றதா? அகரத்தின் எண் 2949. ஆகவே எண் வரிசையில் ஆய்தம் அகரத்துக்கும் முந்திக்கொள்ளும். னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடும். அவ்வாறே அடுக்கினால் அகராதியிலே மயிலுக்கு முன்னால் மனம் வரும். தமிழ் முறைக்குத் தனி விதி எழுதினாலன்றி, வாக்காளர் பட்டியலுக்கும் இதே கதிதான்.

வாய் திறந்தால் பயனுண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கிரந்த எழுத்துக்கு எண் வழங்குவதை நாம் ஆட்சேபிக்கவில்லை; நமது குடுமியான்மலை இசைக் கல்வெட்டே கிரந்தத்தில் பொறித்ததுதான். ஆனால் 2010ல், கிரந்த வரிசையினுள் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்துகளையும் சேர்க்க வேண்டுமென்று ஒரு யோசனை கிளம்பிற்று. தமிழறிஞரிடையே கண்டனம் எழுந்தது. தமிழ்நாட்டு சர்க்கார், முடிவை ஒத்திவைக்கும்படி மத்திய சர்க்காருக்கு எழுதினார்கள். 2014ல் கிரந்தம் பட்டியலேறியபோது அவ்வைந்தும் அதில் இல்லை.

1988ல் இப்படிக் கேட்பார் இல்லாமற் போயினர். அதன் அடையாளம் இன்னும் அழியவில்லை. ஆய்தத்துக்கு முந்திய 2946-ம் இடத்திலே 'தமிழ் அனுஸ்வாரக் குறி' என்று ஒன்று வீற்றிருக்கிறது. அது தமிழில் வழங்காத குறியென்று சபையாரே அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.