கேள்வி கேட்ட வழக்கறிஞர்

வகுப்பில் கணக்குப் புரியாதபோது, "மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டதே" என்று எண்ணி நாம் வாய் மூடியிருப்பது உண்டு. நாட்டின் பெரிய தலைவர்களே "கேட்காதே" என்று தடுத்தும் கேள்வி கேட்ட ஒரு பெண்மணியைப் பற்றி இங்குக் காண்போம். அவர் பெயர் புரூக்ஸ்லி பார்ன்.

1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்த இவர், முதலில் மருத்துவராக விரும்பினார். கல்லூரி ஆலோசகர் ஒருவர் வேண்டாம் என்றதால் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அங்கு வெளிவரும் சட்ட இதழுக்குத் தலைவரான முதல் பெண் இவரே. 1964இல் சட்டப் பட்டம் பெற்று, வாஷிங்டனில் பல ஆண்டுகள் வழக்கறிஞராகத் திகழ்ந்தார். 1996இல், முன்பேர வணிகத்தை மேற்பார்வையிடும் அரசு ஆணையத்தின் தலைவரானார்.

முன்பேரம் என்றால் என்ன? கோதுமை விவசாயி ஒருவர் அறுவடைக்கு முன்பே, "இன்ன மாதத்தில் இன்ன விலைக்குத் தருகிறேன்" என்று மாவு ஆலையுடன் ஒப்பந்தம் செய்கிறார். பிறகு விலை இறங்கினாலும் அவருக்கு நட்டமில்லை. ஏறினாலும் ஆலைக்குக் கவலையில்லை. இத்தகைய பேரம் முறையான சந்தையில் நடந்தால் முன்பணம் கட்டவேண்டும். கணக்கும் மேற்பார்வையும் உண்டு. ஆனால் வட்டி, நாணய மதிப்பு முதலியவற்றின் மீது பெரிய வங்கிகள் தமக்குள் தனியே செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது அரசுக்கே தெரியாது.

இது ஆபத்து என்று உணர்ந்த புரூக்ஸ்லி, 1998 மே மாதம், "இவற்றுக்கு விதிகள் வேண்டாமா?" என்று வினவும் அறிக்கையை வெளியிட்டார். நிதியமைச்சர் ராபர்ட் ரூபின், மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், பங்குச் சந்தை ஆணையத் தலைவர் ஆர்தர் லெவிட் ஆகிய மூவரும் அன்றே எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் இத்தகைய ஒப்பந்தங்களால் தள்ளாடியது. 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் அளித்து அதைத் தாங்கின. அப்போதும் நாடாளுமன்றம் ஆணையத்தின் கையைக் கட்டியது. 1999இல் புரூக்ஸ்லி பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, இவ்வொப்பந்தங்களைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் சட்டமும் வந்தது.

2008இல் உலகப் பொருளாதாரமே ஆட்டங்கண்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. இவ்வொப்பந்தங்களும் அவற்றுள் ஒன்று. "கடன் திரும்பாவிட்டால் நாங்கள் ஈடு செய்வோம்" என்று அளவின்றி வாக்களித்த ஏ.ஐ.ஜி. என்னும் காப்பீட்டு நிறுவனத்தைக் காக்க, முதலில் 8,500 கோடி டாலர் கடன் தேவைப்பட்டது. தம் கருத்தில் குறை இருந்ததைக் கிரீன்ஸ்பானே ஒப்புக்கொண்டார். 2009இல் புரூக்ஸ்லிக்கு, துணிவைப் போற்றும் ஜான் கென்னடி விருது கிடைத்தது. 2010இல், இவ்வொப்பந்தங்களை மேற்பார்வையின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் இயற்றப்பட்டது.

அவர் தோற்றபோதும் அவருடைய கேள்வி தோற்கவில்லை. நாமும் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவும், தவறெனத் தோன்றுவதைப் பணிவோடும் துணிவோடும் கேட்கவும் பழகுவோமாக!