போன வருஷம் தாங்கிய நெல், இந்த வருஷம் ஏன் பதரானது?

(குலை நோய் பற்றிய வானொலி உரை)



“குலை நோயைத் தாங்கும் ரகம்னு சொல்லித்தானே சார் விதை கொடுத்தீங்க? நாலு வருஷம் நல்லா இருந்துச்சு. இந்த வருஷம் கதிர் வெளியே வந்ததும் கழுத்து கறுத்து, எல்லாம் பதராப் போச்சே!”

உத்திரமேரூர் வட்டாரத்தில் கூட்டம் போட்டால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உழவு, நாற்று, நடவு, களை, உரம் என்று எல்லாச் செலவையும் செய்து முடித்த பிறகுதானே கழுத்துக் குலை நோய் வருகிறது!

சிலர் விதையைக் குறை சொல்கிறார்கள். சிலர் மருந்தைக் குறை சொல்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் விதை மாறுவதில்லை. மாறுவது நோயை உண்டாக்கும் பூசணம்தான். அது எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், நாம் செய்ய வேண்டியதும் விளங்கிவிடும்.

நோயும் அதன் பழைய கணக்கும்

குலை நோயை உங்களுக்குத் தெரியும். இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழும். புள்ளியின் நடுவே சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு நிறம். பிறகு கணுவில் வரும், கடைசியில் கதிரின் கழுத்தில் வரும். இரவில் குளிர், காலையில் பனி, வானத்தில் மேகமூட்டம், பயிரில் யூரியா அதிகம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். சம்பாப் பயிருக்குக் கார்த்திகை, மார்கழி மாதங்கள்தான் ஆபத்தான காலம்.

1919-ஆம் ஆண்டு தஞ்சை டெல்டாவில் இந்த நோய் பெரும் சேதம் செய்தது. அதன் பிறகு கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நோய் தாங்கும் ரகங்களைத் தேடினார்கள். ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 அப்படிக் கிடைத்தது. அதை நோய்க்கு எளிதில் ஆட்படும் ஆடுதுறை 10 என்னும் குரங்குச் சம்பாவோடு ஒட்டுச் சேர்த்து கோ 25 வந்தது. அன்று தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை?

காவல்காரனும் கடப்பாரையும்

நோய் தாங்கும் நெல்லுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு மரபணு. பூசணம் பயிருக்குள் நுழையும்போது திருடன் கடப்பாரை கொண்டுவருவது போலச் சில பொருள்களைக் கொண்டுவருகிறது. காவல்காரனுக்கு எல்லாக் கடப்பாரையும் தெரியாது, ஒன்றுதான் தெரியும். அதைக் கண்டதும் கூச்சல் போடுவான். உடனே பயிர் அந்த இடத்துச் செல்களைச் சாகவிட்டு, பூசணத்தை அங்கேயே அடைத்துவிடும். நோய் பரவாது.

அந்தக் கடப்பாரையைச் செய்யும் குறிப்பு பூசணத்தின் மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து அழிந்துபோனால்? திருடன் அந்தக் கடப்பாரை இல்லாமலே வருவான். அவனிடம் வேறு ஆயுதங்கள் இருக்கின்றன. காவல்காரனுக்கோ அவை தெரியாது. தூங்கிக்கொண்டிருப்பான்.

எழுத்தை அழிப்பது யார்?

இங்கேதான் ‘தாவும் மரபணு’ வருகிறது. உயிர்களின் மரபணுத் தொகுதிக்குள் சில துண்டுகள் ஓர் இடத்தில் நிலையாக இருப்பதில்லை. சில தம்மை வெட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். சில இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, தம் நகலை வேறு இடத்துக்கு அனுப்பும். அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் என்னும் அம்மையார் மக்காச்சோள மணிகளில் விழும் நிறப் புள்ளிகளை ஆராய்ந்து, 1940-களில் இதைக் கண்டுபிடித்தார். முதலில் பலர் நம்பவில்லை. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலுக்கான விதிகளை வரிசையாக வெட்டி வைத்தார்கள். ஒரு விதிக்கு நடுவே சம்பந்தமில்லாத நாலு வரி வந்து புகுந்துகொண்டால் அந்த விதியைப் படிக்க முடியுமா? தாவும் மரபணு இன்னொரு மரபணுவுக்குள் விழுந்தால் நடப்பதும் அதுதான்.

குலை நோய்ப் பூசணத்தின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் 2005-இல் படித்து வெளியிட்டார்கள். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட துண்டுகளே. அதில் ஒன்றுக்கு ‘பாட் 3’ என்று பெயர்.

இது வெறும் ஆய்வுக்கூடக் கதை அல்ல. 2004-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ‘பை-டா’ என்னும் காவல் மரபணு உள்ள ‘பேங்க்ஸ்’ ரக நெல்லில் குலை நோய் வந்தது. வயலிலிருந்து எடுத்த பூசணத்தைச் சோதித்தார்கள். பை-டா அடையாளம் காணும் அந்த மரபணுவுக்குள் பாட் 3 புகுந்து உட்கார்ந்திருந்தது! நெல்லில் காவல்காரன் இருந்தான், கண்டுபிடிக்க வேண்டிய அடையாளம்தான் காணாமல் போயிருந்தது.

வயல் முழுக்க ஒரே ரகம் என்றால்

பூசணம் யோசித்து இப்படிச் செய்வதில்லை. தாவல் எங்கேயும் விழலாம். முக்கியமான இடத்தில் விழுந்தால் பூசணமே கெடும். பெரும்பாலான தாவல்களால் அதற்கு லாபம் இல்லை. ஆனால் இலையில் உள்ள ஒரே புள்ளி ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வித்துகளைக் காற்றில் விடுகிறது. அத்தனை கோடி வித்துகளில் ஒன்றில் தாவல் சரியான இடத்தில் விழுந்தால் போதும்.

அந்த ஒரு வித்து விழும் வயலைச் சுற்றி வேறு வேறு ரகங்கள் இருந்தால், அதன் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். ஏரிப் பாசனம் முழுக்க ஒரே ரகமாக இருந்தால், ஒரு பூட்டுக்குச் செய்த கள்ளச் சாவி ஊரிலுள்ள எல்லா வீட்டையும் திறந்த கதைதான். தாங்கும் ரகத்தைத் தோற்கடிக்கிற வாய்ப்பை நாமே பூசணத்துக்குக் கொடுக்கிறோம்.

சீனாவில் யுன்னான் மாநிலத்தில் 1998, 1999-ஆம் ஆண்டுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். குலை நோய்க்கு எளிதில் ஆட்படும் ஒட்டரிசி நெல்லை, வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு இடையே நட்டார்கள். தனியாக நட்டதைவிட ஒட்டரிசி நெல்லில் நோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது. இரண்டாம் ஆண்டு 3,342 ஹெக்டேரில் நட்டார்கள். மருந்து தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நாம் மெஷின் அறுவடை செய்கிறோம், வரிசைக்கு வரிசை ரகம் மாற்ற முடியாது. ஆனால் வயலுக்கு வயல் மாற்றலாமே! யுன்னான் அளவு பலன் கிடைக்காவிட்டாலும், நோயின் ஓட்டம் தடைப்படும்.

செய்ய வேண்டியவை

1. ஒரு பாசனத்தில் உள்ளவர்கள் நாற்று விடும் முன்பே கலந்து பேசி, இரண்டு மூன்று ரகங்களாகப் பிரித்து நடுங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்துக்கும் ஒரே ரகத்தைத் தொடராதீர்கள்.

2. பி.பி.டி. 5204, வெள்ளைப்பொன்னி, ஐ.ஆர். 50 ஆகியவை குலை நோய்க்கு இடம் கொடுப்பவை. சந்தை விலைக்காக நட்டால் கூடுதல் கவனம் வேண்டும்.

3. நோய் கண்ட வயலில் விதை எடுக்காதீர்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.

4. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போடுங்கள். புள்ளி தெரிந்தால் மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள்.

5. பனிக்காலத்தில் வயலை வெடிப்பு விடும் அளவுக்குக் காயப்போடாதீர்கள். வரப்பில் புல் மண்ட விடாதீர்கள்.

6. தாங்கும் ரகத்தில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால், “இது வராத ரகமாச்சே” என்று இருந்துவிடாதீர்கள். அந்த இலையோடு அன்றைக்கே வேளாண்மை அலுவலகத்துக்கு வாருங்கள். கதிர் வெளிவரும் முன்பே தெரிந்தால் மருந்து பலன் தரும். கழுத்து கறுத்த பிறகு தெளிப்பது வீண் செலவு.

நோய் தாங்கும் ரகம் என்பது ஒரு தடவை வாங்கி வைத்தால் என்றைக்கும் இருக்கும் இரும்புப் பெட்டி அல்ல. அது காவல்காரன். அவனைத் தனியாக விட்டுவிடாமல், கூட நாலு பேரை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.