செல் சவ்வுக் கடத்தலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்

செல் சவ்வு என்பது ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள, சில நானோமீட்டர் தடிமனே கொண்ட மெல்லிய படலம் ஆகும். இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளும் அவற்றில் ஆங்காங்கே பதிந்துள்ள புரதங்களும் சேர்ந்து இது அமைந்துள்ளது. ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு போன்றவை கொழுப்பு அடுக்கைத் தாமே கடந்துவிடும். மின்சுமை கொண்ட சோடியம் அயனியும் நீரில் கரையும் குளுக்கோசும் அவ்வாறு கடக்க இயலாது. அவற்றுக்குப் புரதங்களே வாசல். வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்கு உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுப்பது ஏன் என்பதற்கு விடை இந்த வாசல்களில்தான் இருக்கிறது.

சவ்வூடு பரவல்

மதுரைப் பக்கத்து வீடுகளில் வடுமாங்காய் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வடுவும் கல்லுப்பும் போட்ட ஜாடியில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. இருந்தும் இரண்டு மூன்று நாளில் அடியில் நீர் ஊறி நிற்கும், வடு சுருங்கிவிடும். வெளியே உப்பின் செறிவு மிகுதியாக இருப்பதால் நீர் செல்களிலிருந்து சவ்வைக் கடந்து வெளியேறுகிறது.

தேர்வில் பல மாணவர்கள் "உப்பு நீரை உறிஞ்சுகிறது" என்று எழுதி நிறுத்திக்கொள்வார்கள். அது பாதி விடைதான். நீர் மூலக்கூறுகள் எப்போதும் இரு திசையிலும் கடக்கின்றன. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குக் கடப்பவை கூடுதலாக இருக்கும். இதற்குச் செல் ஆற்றல் எதையும் செலவிடுவதில்லை. நீர் விரைவாகக் கடக்க அக்வாபோரின் என்னும் புரதக் கால்வாய்களும் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆற்றல் செலவிடும் பம்பு

சோடியம்-பொட்டாசியம் பம்பு இதற்கு நேர்மாறானது. ஒரு ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். வெளியே உள்ள சோடியம் வாசல் கிடைத்தால் உள்ளே பாயும்.

அந்த வாசல்களுள் ஒன்று சிறுகுடல் செல்களில் இருக்கிறது. இணைகடத்திப் புரதமான இது, 2 சோடியம் அயனிகளோடு 1 குளுக்கோசைச் சேர்த்தே உள்ளே விடும். இப்படியொரு இணைப்பு இருக்க வேண்டும் என்று ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகா நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். உப்பும் சர்க்கரையும் உள்ளே செல்ல, நீரும் பின்தொடரும்.

காலரா நோயாளிக்கு என்ன நடக்கிறது?

காலராக் கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது. இதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவி 1959-இல் வெளியிட்டார். நச்சு குடல் செல்களின் குளோரைடு வாசல்களைத் திறந்தபடியே வைத்துவிடும். குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் அதன் பின்னே குடலுக்குள் கொட்டுகின்றன. இந்நிலையில் வெறும் உப்பு நீரைக் கொடுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். ஆனால் சோடியம்-குளுக்கோஸ் வாசலை நச்சு கெடுப்பதில்லை. மருத்துவர்களுக்குப் பிடி கிடைத்தது இந்த இடத்தில்தான்.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். செவிலியர் இல்லாத இடத்தில் நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவருக்கு 2023-இல், மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அளவு தவறினால்

உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல் உள்ளன. சர்க்கரை கூடிவிட்டால் குடலே உப்பு ஜாடியாகிவிடும். உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகரிக்கும். குளிர்பானமும் பெட்டியில் அடைத்த பழச்சாறும் மருந்தாகாததற்கு இதுவே காரணம். இத்தகைய பானங்களின் பெயரில் "ஓஆர்எஸ்" என்று போடக்கூடாதென 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. தாமதமான உத்தரவு என்றே சொல்ல வேண்டும்.

மருந்துக்கடைப் பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். குழந்தை துவண்டு, குடிக்க முடியாமல் கிடந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சர்க்கரைக்குப் பதில் மாவுச்சத்தும் பயன்படும். அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்லச் செரித்துக் குளுக்கோசைத் தருவதால், கரைசலின் செறிவு சட்டென்று ஏறுவதில்லை. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தும் வீணாவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காலரா நோயாளிகளுக்கு அத்தகைய சோள மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்து, போக்கு விரைவில் நிற்பதை 2000-இல் வெளியிட்டனர். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் கூடவே உள்ளே செல்கின்றன.