கரிமீனை தொட்டியில் வளர்க்கப் போறீங்களா? ஜோடி விஷயத்தில் கவனம்!

குமரி மாவட்டம் மணக்குடி காயலில் கிடைக்கும் கரிமீன் நமக்குப் பொரிக்கத்தான் தெரியும். ஆனால் கலர் மீன் கடை ஏஞ்சல், ஆஸ்கார் எல்லாம் இதன் சொந்தக்காரங்கதான். சிக்லிட் குடும்பம். இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் மூன்றே வகை. அதில் பெரியது கரிமீன். கேரளாவுக்கு 2010 முதல் இதுதான் மாநில மீன்.

வெளியே பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்வது கஷ்டம். அதனால் ரெண்டு மீனை வாங்கி விட்டால் ஜோடி ஆகிவிடாது, விரட்டிக் கடிக்கவும் செய்யும். ஆறேழு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்தால் துணையை அவையே தேடிக்கொள்ளும். பிறகு மற்றவற்றை மாற்றிவிடுங்க.

ஜோடி சேர்ந்ததும் கல்லையோ கட்டையையோ வாயால் சுத்தம் செய்யும். பெண் முட்டையை ஒட்ட, ஆண் பின்னாலேயே வந்து கருவூட்டும். அப்புறம் துடுப்பால் விசிறுவது, மண்ணில் குழி தோண்டி, பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய் விடுவது, காவல் நிற்பது எல்லாமே ரெண்டு பேர் வேலை.

1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை அப்படியில்லை. அப்பா கிளம்பிவிடும், அம்மா முட்டையை வாயிலேயே சுமந்து தப்பிக்கும். கரிமீன் முட்டையோ ஒட்டின இடத்திலேயே இருக்கும். காவல் நேரத்தில் ஜோடியில் ஒன்று வலையில் சிக்கினால், மிச்சம் இருக்கிற ஒன்றால் எல்லாப் பக்கமும் பார்க்க முடியாது. முட்டை தின்ன வருபவர்களில் அதன் குட்டி சொந்தக்கார சிக்லிட்டும் உண்டு!