குதிரைக்கு மக்காச்சோளம் போடலாமா?

பெரம்பலூர்லருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "கல்யாண ஊர்வலத்துக்கு ரெண்டு குதிரை வச்சிருக்கோம். இங்க மக்காச்சோளம்தான் ஈஸியா கிடைக்குது. அதையே முக்கியத் தீவனமா போடலாமா?" பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளத்துக்குக் குறைவே இல்ல. அதனால கேள்வி நியாயமானது. பதில்: கொஞ்சமா போடலாம், முக்கியத் தீவனமா கூடாது.

ஏன்? மாடு மாதிரி குதிரைக்கு அசைபோடுற வயிறு கிடையாது. உடம்பு அவ்ளோ பெருசு, ஆனா இரைப்பை சுமார் 8-லிருந்து 15 லிட்டர்தான். வாந்தி எடுக்கவும் முடியாது. மேய்ச்சல்ல விட்டா நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சிட்டே இருக்கும். நார்ச்சத்தைச் செரிக்கிறது பெருங்குடல்ல இருக்கிற நுண்ணுயிரிகள்.

மக்காச்சோளத்துல சுமார் 70 சதவீதம் மாவுச்சத்து. நிறைய போட்டா, சிறுகுடல்ல செரிக்காத மாவு அப்படியே பெருங்குடலுக்குப் போயிடும். அங்க வேகமா புளிச்சு, அமிலம் ஏறி, நல்ல நுண்ணுயிரிகள் செத்துப்போகும். விளைவு, கோலிக்னு சொல்ற கடுமையான வயிற்று வலி, இல்லன்னா குளம்புக்குள்ள வீக்கம். ரெண்டுமே உயிருக்கு ஆபத்து.

இன்னொரு ஆபத்து பூஞ்சணம். ஈரத்தோட மூட்டை கட்டின சோளத்துல ஃபுமோனிசின் என்ற நச்சு இருக்கலாம். அது குதிரையோட மூளையையே சிதைச்சிடும். நல்லா காயவச்ச சோளம்னாலும், சந்தேகமா இருந்தா போடாதீங்க. கோழித் தீவனம் மிச்சமிருக்குன்னு அதையும் போடக் கூடாது. அதுல சேர்க்கிற மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம். இதயத்தையே பாதிக்கும்.

தப்பான தீவனம் புதுப் பிரச்சினை இல்ல. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டைப் பத்தி எழுதின மார்க்கோ போலோ, கடல் வழியா வந்த குதிரைகளுக்கு இங்க இறைச்சியோட வேகவச்ச சோறு கொடுத்ததையும், அதுல பெரும்பாலானவை செத்துப்போனதையும் குறிப்பிடுறார். சாவுக்குச் சரியான பராமரிப்பு இல்லாததுதான் காரணம்னு அவர் சொல்றார்.

சரி, என்ன போடணும்? 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு நாலரையிலிருந்து 6 கிலோ காய்ந்த புல் கணக்குல நார்த்தீவனம். அருகம்புல், குதிரைமசால் நல்லது. பேர்லயே குதிரை இருக்கு பாருங்க! ஊறவச்சு வேகவச்ச கொள்ளு புரதத்துக்கு. மக்காச்சோளம்னா உடைச்சு, ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்குள்ள. உப்புக்கட்டி ஒண்ணு, எப்பவும் சுத்தமான தண்ணி. வெயில் காலத்துல 30, 40 லிட்டர்கூட குடிக்கும்.

தீவனத்தை மாத்தணும்னா ஒரே நாள்ல மாத்தாதீங்க. 7-லிருந்து 10 நாள்ல படிப்படியா மாத்துங்க. சாஃப்ட்வேர்ல புது வெர்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமா ரிலீஸ் பண்ற மாதிரிதான்.

குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, தரையைக் காலால உதைக்குது, உருளுது, சாப்பிடல, சாணம் போடலன்னா கைவைத்தியம் வேண்டாம். தீவனத்தை நிறுத்திட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் குதிரைக்குப் பெருசு.

குதிரை வச்சிருக்கிற யாராவது தெரிஞ்சா, இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!